ஒப்புரவு

துளசிங்கம் ஜெபக் கொட்டகையின் மணல் தரையில் முழங்கால் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். நெஞ்சோடு அணைத்திருந்த வேதபுத்தகம் புத்தம்புதுசு. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"ஆம்பள அழுவறான் பாரு அம்பிகா," என்றார் பாஸ்டர் ராஜேந்திரன். "இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?"

 இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே புருஷன் படகுக் கழியால் அடித்து முறித்த அம்பிகாவின் இடது மணிக்கட்டு இன்னமும் கோணல்தான். அன்றைக்குப் போட்ட துணியோடு பழவேற்காட்டில் பஸ் ஏறியவள், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலையும் விடுதியில் ஒரு கட்டிலும் பிடித்திருந்தாள். திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் இரண்டும் போய்விடும். பாஸ்டர் போன் போட்டு வரச்சொன்னதால் வந்திருந்தாள்.

பாஸ்டர் தன் வேதபுத்தகத்தைப் பிரித்தார். "பொண்டாட்டி புருஷன வுட்டுப் பிரியக்கூடாது. பிரிஞ்சா, திரும்ப அவனோடயே சேர்ந்து ஒப்புரவாவணும். நான் சொல்லல, வேதத்துல பவுல் எழுதினது."

"நடுவுல ஒண்ண வுட்டுட்டீங்க பாஸ்டர். பிரிஞ்சா தனியா இருக்கலாம்னும் இருக்குது. நான் தனியாத்தான இருக்கறேன்?"

"அது மனசு கல்லாப் போனவங்களுக்கு."

"அப்படி எங்க எழுதியிருக்குது?"

அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அவள் விடவில்லை. "புருஷனும் பொண்டாட்டியத் தள்ளக்கூடாதுனு இருக்குதே. கைய ஒடிச்சது தள்ளினது ஆவாதா?"

"ஒடிச்சான், தள்ளலியே. வூட்ட வுட்டுப் போனது நீதான?"

சீ, இதையும் ஒரு மனுஷன் வாய் கூசாமல் சொன்னான்.

"அவரு விசுவாசியே இல்லியே பாஸ்டர். ஞானஸ்நானம்கூட எடுக்கல."

"அதுக்கும் பதில் இருக்குது." விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கம் புரட்டினார். "அவிசுவாசியா இருந்தாலும், கூட வாழ சம்மதிச்சா அவன வுடக்கூடாது. துளசி, உனக்கு சம்மதமா?"

"சத்தியமா பாஸ்டர். ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டத்துல எல்லாரு எதிர்லயும் இவள பக்கத்துல ஒக்கார வெச்சிக்கறேன்."

அவன்மேல் அம்பிகாவுக்குத் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் வேதத்தை மீறுகிறோமோ என்ற பயம் இருந்தது. அதைத்தான் இருவரும் பிடித்து இழுத்தார்கள். அன்று மாலையே கம்பெனிக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஊர்த்தலைவர் சுப்பராயலு கேட்டார். "துளசிங்கம் பொண்டாட்டி வந்துகீதா?" அம்பிகா எழுந்து நின்றாள். உடனே அவனைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள்.

அது பாடுச் சீட்டு. ஏரியில் இந்த வருஷம் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குலுக்குவது. அந்த மீனவக் குப்பத்தில் பெண்டாட்டியோடு வாழ்கிறவனுக்குத்தான் சீட்டு. இரண்டு வருஷமாக இவனுக்குக் கொடுக்கவில்லை. அழுகை எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.  போக இடமில்லாமல் அவன் வீட்டிலேயே கிடந்தாள்.

நாலாம் நாள் அவள் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தான். "சீட்டு ஒரு வருசத்துக்கு செல்லும். நீயும் வாணாம், உன் சாமியும் வாணாம். கெளம்பு."

அவள் பையோடு நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு நிறைய இறால் வறுவல். துளசிங்கம் காலையில் கொண்டுவந்து கொடுத்தது.

"வேலைய வுட்டுட்டு வந்தேன் பாஸ்டர், நீங்க படிச்சதக் கேட்டுத்தான். இப்ப அவரே தொரத்தறாரு. வந்து அந்தப் புத்தகத்தக் காட்டி அவரக் கேளுங்க."

பாஸ்டர் ஒரு இறாலை மென்று முடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். இடது கையால் புத்தகத்தை இழுத்து, அன்றைக்குப் படித்த அதே பக்கத்தை விரித்து, கொஞ்சம் கீழே காட்டினார்.

"அவிசுவாசி பிரிஞ்சி போனா போவட்டும்னு இருக்குதும்மா."