கால் பட்டால்

"பாத்தியா, மறுபடியும் தொட்டுட்டே" என்றான் அகிலன், கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்தபடி.

வெண்பா தன் கையைப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே கணவனின் நெஞ்சை இரண்டு முறை தொட்டு, அவள் கண்களில் ஒற்றிக்கொண்டு திரும்பியிருந்தது.

"உன் தாடையில கால் பட்டுடுச்சு அகில். வேற என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. அதைத்தான் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் அவர்கள் அபார்ட்மென்டுக்கு எதிரே, லாண்ட்ரிக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் ஒரு பயிற்சிக்கூடம். அங்கேதான் வெண்பா ஜியு-ஜிட்சு கற்றாள். தரையில் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டுகிற பிரேசில் நாட்டு மல்யுத்தம். இனி தாங்காது என்றால் எதிராளியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி.

அவள் தொல்லையே அதுதான். கால் படாமல் இந்த ஆட்டம் இல்லை. கால் பட்டால் அவள் கை தொட்டு ஒற்றிக்கொள்ளாமல் இருக்காது. பயிற்சிக்கூடத்துப் போட்டியில் இரண்டு முறை, இரண்டு முறையும் ஒரே ஆளிடம், ஜெயிக்கப் போகிற நேரத்தில் இப்படித் தோற்றிருந்தாள். எங்கள் ஊர் வழக்கம் என்று நடுவரிடம் விளக்கிப் பார்த்தாள். தட்டினால் தட்டினதுதான் என்றுவிட்டார். வரும் சனிக்கிழமை மூன்றாவது போட்டி. ஜெயிப்பவருக்கு டெக்சாஸ் போட்டியில் அந்த எடைக்கான ஒரே இடம்.

"எங்க வீட்டுல முதல்ல புஸ்தகம் தொட்டவ நான். தெரியாம அதுல கால் பட்டாக்கூட எங்கம்மா தொடையில கிள்ளுவாங்க. அப்படிப் படிச்சு முடிச்சு இங்க வந்தா, இந்த விசாவுல வேலை பாக்கக் கூடாதுங்கறான். சரி, இதையாவது உருப்படியா பண்ணலாம்னா, இதுலயும் நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டுத் தோக்கணுமா?"

"கேக்காதேன்னுதானே சொல்றேன். மிதி. நூறு தடவை. ரெண்டு கையும் உன் நெஞ்சோட ஒட்டி இருக்கணும்."

நாள் முழுவதும் மன்ஹாட்டனில் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ரயிலில் நின்றுகொண்டே வந்தவன் அவன். இருந்தும் எழுந்து வந்து, கீழே படுத்திருந்த அவள் மேல் தோளால் அழுத்தினான். வெண்பா அவன் இடுப்பில் இரண்டு பாதங்களையும் பதித்து உதைத்தாள். அகிலன் சோபாவில் மோதித் தரையில் விழுந்தான். சுவர் அதிர்ந்தது.

முப்பத்தேழாவது உதையில் காலிங் பெல் அடித்தது. கீழ்வீட்டு நாகரத்தினம் ஆன்ட்டி.

"என்னம்மா சத்தம்? தம்பி உன்னை அடிக்கிறாரா? பயப்படாம சொல்லு, அங்கிளைக் கூப்பிடறேன்."

"இல்ல ஆன்ட்டி. நான்தான் அவரை மிதிக்கிறேன்."

ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். அகிலன் தரையில் கிடந்தபடியே கும்பிட்டான்.

"காலையில அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு மாடிப்படியில இருபது தடவை ஏறி இறங்கறே. சாயங்காலம் புருஷனை மிதிக்கிறே. என்னமோ, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"முப்பத்தெட்டு" என்று அகிலன் எழுந்தான். "சனிக்கிழமை வர்றவன் வலது தோளாலதான் அழுத்துவான். இடது கை அவனுக்கு எப்பவும் கொஞ்சம் லேட். அது வந்தா விடாதே."

"அவனைப் பத்தி ரொம்பத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கே."

"பாக்கறேன்ல."

"நான் பாட்டுக்கு அவன் கையை முறுக்கிடறேன். அவன் பொண்டாட்டி சும்மா இருப்பாளா?"

"அவளா? கோவக்காரிதான். ஆனா இந்த விஷயத்துல உன் பக்கம்."

வெண்பாவுக்குச் சிரிப்பு வந்தது. நூறு முடிவதற்குள் அவள் கை ஆறு முறைதான் கிளம்பியது. குளியலறைக் கம்பியில் போட்டிருந்த இரண்டு வெள்ளைப் பயிற்சி உடுப்புகளும் அதற்குள் சொட்டி ஓய்ந்திருந்தன.

பயிற்சிக்கூடத்தில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்திக்குப் பன்னிரண்டு வயது. அதனால் வெண்பாவுக்கு எப்போதும் அவள் எடையுள்ள ஆண்களோடுதான் போட்டி. சனிக்கிழமை அவள் யார் பக்கமும் பார்க்காமல் மெத்தை விரிப்பில் இறங்கினாள்.

எதிராளி வலது தோளால் அழுத்தினான். வெண்பா உதைத்தாள். பாதம் நழுவி, குதிகால் நேராக அவன் மூக்கில் இறங்கியது.

அவள் கை கிளம்பியது. பாதி வழி போயும்விட்டது. நடுவர் குனிந்து பார்த்தார்.

கை அங்கேயே நின்றது. வெண்பா விரல்களை மடக்கி அதைத் தன் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள்.

எதிராளியின் இடது கை, கொஞ்சம் லேட்டாக, அவள் கழுத்துப்பட்டியைத் தேடி வந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தாள். கால்களை அவன் மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பை உயர்த்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழப் பார்த்தான். அவள் இன்னும் ஓர் அங்குலம் உயர்த்தினாள்.

அவள் காலில் இரண்டு தட்டு விழுந்தது.

நடுவர் அவள் கையைத் தூக்கிப் பிடித்து அறிவித்தார். அவர் விட்டதும் வெண்பா மண்டியிட்டு, எதிராளியின் சிவந்த மூக்கை மெதுவாகத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"விட்டுக் குடுத்தியா? நிஜத்தைச் சொல்லு" என்றாள் கோபமாக.

"விட்டுக் குடுத்தவன் முழங்கை இப்படியா வீங்கும்?" என்றான் அகிலன், விரிப்பிலிருந்து எழாமலே. "நீ தொட்டுக் கும்பிட்டதால ரெண்டு தடவை ஜெயிச்சேன்டி. அதுக்கு இந்த வலி எவ்வளவோ தேவலை."