பின்பக்கத்தில் கையெழுத்து

“இது எங்க தாத்தா வரைஞ்சது. அப்படிப் பேர் போட முடியாதுன்னா எங்க வீட்டுப் படம் இருபதையும் இப்பவே கழட்டிடுங்க,” என்றார் மதாம் அர்லெத் தெல்மாஸ்.

“எங்க இருபதையும் சேர்த்தே கழட்டுங்க. ஏன்னா இது எங்க தாத்தா வரைஞ்சது,” என்றார் முசியே ஒனோரே ரூவியேர்.

இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் இரண்டு பேரும் நடுவில் நின்ற செலஸ்தினைப் பார்த்துத்தான் சண்டை போட்டார்கள்.

செலஸ்தின் அந்தப் பிரெஞ்சுச் சிற்றூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். முகத்தை நொறுக்கிக் கட்டம் கட்டமாக அடுக்கும் கியூபிச ஓவியத்தில் அந்தக் காலத்திலேயே பேர் வாங்கிய இரண்டு நண்பர்கள், இவர்களின் தாத்தாக்களான தெல்மாஸும் ரூவியேரும். இருவரையும் ஒரே கூரையின் கீழ் காட்ட மூன்று வருஷம் நாயாய் அலைந்திருந்தாள். நாளைக் காலை திறப்பு விழா. இதற்கும் கூட்டம் வராவிட்டால் கட்டடத்தை இடித்து நீச்சல் குளம் வெட்டப் போவதாக மேயர் சொல்லியிருந்தார். ஆள் அனுப்பி ஆழம்கூடப் பார்த்துவிட்டார்.

எந்தத் தாத்தாவின் பெயர் முதலில் என்ற தகராறுக்காகவே வாசலை இரண்டாக்கியிருந்தாள். இடது வாசலில் ‘தெல்மாஸ் – ரூவியேர்’, வலது வாசலில் ‘ரூவியேர் – தெல்மாஸ்’. அழைப்பிதழும் இரண்டு தினுசு.

நாற்பத்தோராவது படத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். அது அருங்காட்சியகத்தின் சொந்தப் படம். ‘கிதாரோடு ஒரு பெண்’ என்று பெயர். அதில் கிதார் எது, பெண் எது என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை.

நண்பர்கள் இருவரும் இளவயதில் ஒரே அறையில் வரைந்தவர்கள். படத்தின் முன்பக்கம் கையெழுத்துப் போட மாட்டார்கள், பின்னால்தான் போடுவார்கள். யார் வரைந்தால் என்ன என்பது அந்த வயசுக் கிறுக்கு. இந்தப் படத்தின் பின்பக்கத்தை மட்டும் எவரோ புண்ணியவான் பலகை வைத்து அடைத்துவிட்டார். அதைக் கழற்ற அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். மனுப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது.

ஆளுக்கொரு நிபுணரை வேறு கூட்டி வந்திருந்தார்கள். அந்த மூக்கில் தெரியும் கோபம் தெல்மாஸுக்கே உரியது என்றார் ஒருவர். அது மூக்கே இல்லை, கிதாரின் கழுத்து, அதை இத்தனை கருணையோடு வரைய ரூவியேரால்தான் முடியும் என்றார் மற்றவர். இதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

செலஸ்தினுக்குப் பொறுமை போய்விட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று, படம் மாட்டும் மார்சலனைக் கூப்பிட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னாள்.

பின்னால் கரியில் இரண்டு வரி இருந்தது. மேலே ‘ரூவியேர்’, கீழே ‘தெல்மாஸ்’.

மேல் வரியைப் பார்த்ததும் மதாம் அர்லெத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இது எங்க தாத்தா கையெழுத்தாச்சே. அவர் எதுக்கு ரூவியேர்னு எழுதணும்?”

முசியே ஒனோரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழ் வரியைப் பார்த்தார். “தெல்மாஸ்னு எழுதியிருக்கிறது எங்க தாத்தா,” என்றார் மெதுவாக.

ஒருவர் நண்பனின் பெயரைப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த நண்பன், இல்லை, இது உன்னுடையது என்று அவர் பெயரைக் கீழே எழுதிவிட்டிருக்கிறார்.

செலஸ்தினுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இவங்கதான் மனுஷங்க. பேருக்காக அலையல பாருங்க,” என்றாள்.

முதியவர் இருவரும்கூட அழுதார்கள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள்.

“முசியே, அப்ப இது உங்க தாத்தா படம்தான். எங்க தாத்தாதான் விட்டுக்கொடுத்துட்டாரே,” என்றார் மதாம் அர்லெத்.

“அதெப்படி? கடைசியா விட்டுக்கொடுத்தது எங்க தாத்தா. தெல்மாஸ்னுதான் போடணும்.”

“முதல்ல விட்டுக்கொடுத்தது யாரு? பெரிய மனசு யாருக்குன்னு உலகத்துக்குத் தெரிய வேணாமா?”

“தெரியணும். தெல்மாஸ்னு போடலேன்னா எங்க இருபதையும் கழட்டிடுங்க.”

மூக்கைச் சொன்ன நிபுணர், நன்றாகப் பார்த்தால் அது கிதாரின் கழுத்துதான் என்றார். மற்றவருக்கு இப்போது மூக்கு தெளிவாகத் தெரிந்தது.

செலஸ்தின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷ உழைப்பு தண்ணீரில் போகிறது.

ஏணியடியில் நின்ற மார்சலன் அவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “மதாம், படத்தைப் பின்பக்கம் தெரியற மாதிரி திருப்பி மாட்டிடட்டுமா? பின்பக்கத்துல அவங்களே ரெண்டு பேரையும் எழுதி வெச்சிருக்காங்க. நாம எதுக்குத் தனியா பேர் போடணும்?”

முதியவர் இருவரும் படத்தின் முதுகை இன்னொரு முறை பார்த்தார்கள். பிறகு இரண்டு தலைகளும் ஆடின.

மறுநாள் இரண்டு வாசல் வழியாகவும் கூட்டம் முண்டியடித்தது. நாற்பது படங்களில் மூக்கைத் தேடிக் களைத்தவர்களுக்கு யார் பெயரை யார் எழுதியது என்று செலஸ்தின் சொன்னதும் நாற்பத்தோராவதின் முதுகு உடனே புரிந்தது. நின்று அழுதுவிட்டுப் போனார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் பத்து நிமிஷம் அசையவில்லை. மேயர் நீச்சல் குளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டினாள். “படத்தைத் திருப்பி மாட்டணும்னு முதல்ல தோணினது யாருக்கு மதாம்? அந்தப் பேரை நாடே தெரிஞ்சுக்கணும்.”

நாலடி தள்ளி விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த மார்சலன் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத்தான்,” என்ற செலஸ்தின், எழுதுவதில் பிழை வந்துவிடக் கூடாதே என்று தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.