நேர்கோடு

“செத்துப்போச்சு சிவபாண்டி. எட்டும் செத்துப்போச்சு.”

வர்ஷினி போனில் கத்தியது செல்லூர்ச் சந்து முழுக்கக் கேட்டது. திருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளும் இந்தப் பெண்ணுக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

செத்ததாக அவள் சொன்னது மனிதர்களை அல்ல, செல்களை, அதாவது உயிரணுக்களை. நகத்தளவு சிப்பில் எட்டுக் குழி, குழிக்கு ஒரு செல். உயிருள்ள செல் அவ்வப்போது துளி ரசாயனம் கசியவிடும். ஒவ்வொரு கசிவுக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு முள் எழும். வாடகை மலிவென்று ஆய்வகத்துக்குப் பிடித்த இந்த மாடியில் இரண்டு வருடமாக முட்கள் பிசகாமல் எழுந்தன. இன்று காலையிலிருந்து வெறும் நேர்கோடு.

பதினோரு மணிக்குச் சென்னை மருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுடைய புது மாத்திரையைக் கரைத்து ஊற்றியும் முட்கள் குறையவில்லை, எனவே மாத்திரையால் செல்லுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் வர்ஷினி. அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். வர்ஷினியின் சிப்பைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், திங்கட்கிழமை முதல் மாத்திரை மனிதர்களின் வயிற்றுக்குப் போகும்.

“நீங்க லீவு போடுற அன்னைக்கு மட்டும் எப்படி இந்தக் கோடு வருது? போன மாசமும் இதேதான்.”

“போன மாசம் செல்லே வைக்காம வெறும் சிப்பைத்தான மேடம் ஓட்டுனீங்க? முள்ளு வரல, சிப்பு சுத்தமா இருக்குன்னு நீங்கதான சந்தோசப்பட்டீங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் நான் வராத அன்னைக்கு நீங்க மெஷினையே தொட்டதில்ல.” திருவாதவூர்க் கண்மாய்க் கரையில் ஈர வேட்டியோடு நின்றிருந்தான் அவளுடைய உதவியாளன். “மாசத்துல ஒருநா எங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட வாரேன். அதுலயுமா சந்தேகம்?”

“நேத்து எதையோ கலந்துட்டுப் போயிருக்கீங்க. நாளைலேருந்து வர வேணாம்.”

போனை வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். எட்டுச் செல்லும் குண்டு குண்டாக, பளபளவென்று இருந்தன. செத்த செல் இப்படி இருக்காது.

கதவு தட்டப்பட்டது. கீழே நாலு விசைத்தறி போட்டிருக்கும் தங்கப்பொண்ணு. அடுத்த வீட்டு விஷயம் என்றால் சோறு ஆறினாலும் பரவாயில்லை அவளுக்கு.

“யாரு பாப்பா செத்தது? தெருவே காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது.”

வர்ஷினி இயர்போனைக் கழற்றினாள். இந்தச் சந்து இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை.

“தறி ஓடலையாக்கா?”

“அமாவாசைக்கு யாரு தறியத் தொடுவா? போன அமாவாசைக்கும் நிறுத்தித்தான் கெடந்துச்சு. காதுல அதை மாட்டிக்கிட்டு நீ எங்க கண்ட?” தங்கப்பொண்ணு திரையை எட்டிப் பார்த்தாள். “ஒனக்கும் எங்களுக்கும் ஒரே கரண்டு லைனு. தறி ஓடுனா இந்த டியூப்லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். இன்னைக்குத்தான் பாவம், சும்மா எரியுது.”

வர்ஷினி டியூப்லைட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். இரண்டு வருடத்து முட்களில் செல் எழுப்பிய முள் எது, தறி எழுப்பிய முள் எது? மாத்திரை ஊற்றியும் குறையாத முட்கள் எதனுடையவை?

சிவபாண்டியின் எண்ணைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ ஆங்கிலத்தில் வழி கேட்டார்கள். படியில் பூட்ஸ் ஏறத் தொடங்கியது.

வர்ஷினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தங்கப்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஒரே ஒரு மணி நேரம் தறியை ஓட்டுங்க.”