முதல்ல இவளுக்குப் பாருங்க

“உங்க சினைப்பைப் புற்றுக்கு மரபணுச் சோதனை பண்ணினதுல நல்ல சேதிதான். அதுக்குன்னே பொருத்தமான மாத்திரை இருக்கு,” என்றார் டாக்டர். “ஆனா இந்த மரபணுக் கோளாறு பிறவியிலேயே வந்தது. உங்க பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கலாம். பரிசோதிச்சுடணும்.”

தனக்கு மாத்திரை இருக்கிறது என்ற நிம்மதி அம்மாவிடம் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“முதல்ல இவளுக்குப் பாருங்க டாக்டர். பாவி நான், போயும் போயும் இதையா இவளுக்குக் கொடுத்திருப்பேன்?”

“அழாதீங்கம்மா. உங்ககிட்டேருந்து எனக்கு வர வழியே இல்லை.”

“வாயை மூடுடி! டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ?”

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒருசேர வந்தன.

“அம்மா, நான் உங்க மருமக. சோதனை உங்க ஒரே பிள்ளைக்குத்தான்.”

அம்மா திகைத்துப்போனார். அது அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

“ஐயையோ, அவன் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவானே! நீதான்டி கூடப் போய்ப் பிடிச்சுக்கணும்.”