தெரியலைங்க

இரவு வேலை முடிந்து தேனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எப்சிபா, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் மகள் சினேகாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். கண் செருகிக்கொண்டு வந்தது. கணவன் கிறிஸ்டோபர் இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியலோடு எதிரே வந்து நின்றான்.

“ரெசிலியன்ட்னா என்ன எப்சி?”

“தெரியலைங்க.”

“ரிலக்டன்ட்?”

“மறந்துபோச்சுங்க.”

“லண்டன் வேலைக்கான பரீட்சைய ரெண்டு தடவ கோட்டை விட்டாச்சு. உன்கூட வேலை பாத்தவுக எல்லாரும் அங்கன போயிட்டாக. உனக்கு மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது!”

பட்டியலை வீசிவிட்டு, கம்பம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

சினேகா அதை எடுத்து எழுத்துக் கூட்டினாள். “ரெசிலியன்ட்னா என்னம்மா?”

“எத்தன தடவ விழுந்தாலும் எந்திரிக்கிறது.”

“ரிலக்டன்ட்?”

“போக மனசில்லாம நிக்கிறது.”

சினேகா வெடுக்கென்று திரும்பினாள். “அம்புட்டும் தெரியுதே! அப்பாகிட்ட ஏம்மா தெரியலன்ன?”

“நேராப் பாரு, சடை கோணுது.” எப்சிபா ரிப்பனை இறுக்கி முடிந்தாள். “பாஸ் பண்ணிட்டா ஏரோப்பிளேன்ல ஏத்தி விட்ருவாக பாப்பா. அங்கன இருந்து உனக்கு எப்பிடித் தலை பின்ன?”