படியில் இறங்கும் தண்ணீர்

அந்த அந்நிய நகரத்தில் செர்பிய மொழியும் சுந்தானிய மொழியும் ஒரே ஒரு சாப்பாட்டு மேசையில்தான் சந்தித்துக்கொண்டன. செர்பியனான மிலுத்தின் தன் விரலைக் காட்டி, "ப்ர்ஸ்ட்" என்பான். ஜாவாத் தீவிலிருந்து வந்த அவன் மனைவி லிலிஸ் சிரிப்பாள். "கல்லை மெல்லுற மாதிரி இருக்கு, அகாங். நாங்க 'ரமோ'ன்னு சொல்வோம். ஒரு உயிரெழுத்து கடனா தரட்டுமா?" கணவனை அவள் அகாங் என்றுதான் அழைப்பாள். "சாப்பிடறதுக்கே உங்க மொழியில பெரியவருக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல்லாமே. நான் எதுல சாப்பிடறேன்?" என்று அவன் கேட்பான். "பாத்திரம் கழுவாத அன்னிக்கு நாய்தான்." வயிற்றிலிருந்த குழந்தைக்கு எந்த மொழியில் பெயர் வைப்பது என்ற செல்லச் சண்டை முடியும் முன்பே குழந்தை இறந்து பிறந்தது. அதன்பின் அவர்கள் அந்த நகரத்து மொழியில், வாடகையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். இன்று லிலிஸ் பெட்டியோடு படியிறங்கினாள். மிலுத்தின் வாசலில் நின்று, அவளுக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

"இது எதுக்கு, அகாங்?"

"பயணம் போறவங்களுக்கு எங்க ஊர்ல ஊத்துவாங்க. தண்ணி மாதிரி தடங்கலில்லாம போய்ச் சேரணும்னு."

"திரும்பி வர்றதுக்கு எதுவும் ஊத்த மாட்டாங்களா?"

அவன் காலிக் குவளைக்குள் பார்த்தான். "தெரியல, லிலிஸ். யாரும் எனக்குச் சொல்லித் தரல."

தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி அவள் காலடிக்கு வந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி, அது முதலில் போகட்டும் என்று வழிவிட்டு நின்றாள்.