கலர் உருண்டை

"நீதான அந்தக் கலர் உருண்டை வெளையாட்டப் போட்டுக் குடுத்த? நீயே அழிச்சு விடு புவனா" என்றாள் ஒச்சம்மாள், தக்காளிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தபடி.

புவனேஸ்வரி பையை ஆணியில் மாட்டினாள். அம்மா சொன்னது நிஜம். மில் வேனில் போய்வரும் நேரத்தில் அவள் போனில் ஆடுவது அது. மேலே நிறநிறமாய் உருண்டைகள் தொங்கும். கீழேயிருந்து ஒன்றை எய்து, ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்துவிட்டால் பொலபொலவென்று உதிரும். எட்டு மணி நேரம் அறுந்த நூலை ஒட்டி ஒட்டிச் சலித்தவளுக்கு, அது உதிர்வதைப் பார்க்கும்போது மனசும் கூடவே லேசாகும். மூன்று மாதத்துக்கு முன் தம்பி முகேஷ்குமார் எட்டிப் பார்த்தான். தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் கையைவிட்டுப் போன் இறங்கவில்லை. சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் காதில் விழாது.

ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். திங்கட்கிழமை மதுரையில் மெடிக்கல். அதிலும் தேறிவிட்டால் ஆர்டர் வந்துவிடும். சித்தையன்கோட்டையில் இப்போதே அவனுக்கு 'டிரைவரு' என்று பெயர். போனும் கையுமாக அவன் தெருவில் போனால், சிக்னலையாவது நிமிர்ந்து பாருடா என்று கேலி செய்தார்கள்.

"பழமாப் பாத்துப் பறிடான்னா, பாதிக்குப் பாதி காயா அள்ளிட்டு வந்து நிக்கிறான். சின்னதுல இருந்தே இதே கூத்து. செய்யிற வேலையில கவனமே கெடையாது. இப்பப் போன் வேற" என்று புலம்பியபடி ஒச்சம்மாள் காயையும் பழத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். அப்பன் இல்லாத வீடு. இந்த ஒரு வேலையை நம்பித்தான் மூன்று பேரும் இருந்தார்கள்.

புவனேஸ்வரி கொல்லைப்பக்கம் போனாள். தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் அவன்.

"போதும்ப்பு. மெடிக்கலுக்கு நாலே நாளுதான் இருக்கு."

"அதாங்க்கா. நாலு நாளுக்குள்ள எப்படியும் பிடிபட்டுரும்." அவன் தலை நிமிரவில்லை.

இதற்கு முடிவே கிடையாது, தானே நானூறாவது லெவலைத் தாண்டிவிட்டும் போய்க்கொண்டேதான் இருக்கிறது என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவன் சிரிக்கக்கூட இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அவள் மெதுவாகப் போனை வாங்கினாள். அவன் தடுக்கவில்லை. அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கத் தோன்றியது. இரவு பகலாக ஆடியவன், ஆயிரத்தைத் தொட்டிருப்பான்.

திரையில் ஒன்பதாவது லெவல் என்று இருந்தது.

அவள் புரியாமல் பார்த்தாள். முகேஷ்குமார் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, திரையில் இரண்டு உருண்டைகளைத் தொட்டுக் காட்டினான்.

"மூணு மாசமாப் பழகிப் பாக்குறேன்க்கா" என்றான், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "இதுல எது செவப்பு, எது பச்சை?"